மணவாளக்குறிச்சி மணலும் வியன்னா வெளிச்சமும்

1984-ல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில், பெட்ரோமாக்ஸ் விளக்கை வாடகைக்கு விடும் கவுண்டமணியிடம் செந்தில் ஒரு சந்தேகம் கேட்பார். இந்த விளக்கு எப்படி எரிகிறது என்பதுதான் அது. கேட்ட கையோடு மேண்டிலைத் தொட்டுப் பார்ப்பார். அது பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். நாற்பது ஆண்டுகளாக அந்தக் காட்சியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் செந்தில் கேட்டது நல்ல கேள்வி. அவ்வளவு சூட்டில் அந்த வலைப்பை ஏன் எரிந்துபோகவில்லை? விரல் பட்டதும் ஏன் உதிர்ந்தது?

அதில் துணியே இல்லை என்பதுதான் பதில். புது மேண்டிலைக் கட்டி முதல் தடவை கொளுத்தும்போதே துணி எரிந்து தீர்ந்துவிடும். மிஞ்சுவது அதே பின்னலின் வடிவில் நிற்கும் வெள்ளைச் சாம்பல் கூடு. அந்தச் சாம்பலின் பெரும்பகுதி தோரியம் ஆக்சைடு. ஆக்சைடுகளிலேயே மிக உயர்ந்த உருகுநிலை கொண்டது இது. சுமார் 3,300 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்பதால் மண்ணெண்ணெய்த் தீ அதை ஒன்றும் செய்யாது. சூட்டைத் தாங்கும் அந்தக் கூடு தொடுதலைத் தாங்காது, அவ்வளவுதான். நம் ஊர்த் திருவிழாக்களுக்கும் தெருக்கூத்துகளுக்கும் வெளிச்சம் கொடுத்த இந்தத் தோரியம் நார்வேயில் ஒரு கல்லாகத் தொடங்கி, வியன்னா, பிரேசில், பெர்லின் என்று சுற்றியிருக்கிறது. அந்தப் பயணத்தின் முக்கியமான நிறுத்தம் ஒன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது.

நார்வேயின் தென்கரையில் பிரெவிக் என்ற ஊருக்கு அருகே லோவோயா என்று ஒரு சிறு தீவு. மதப் பணியோடு கனிமங்கள் தேடுவதிலும் தீராத ஆர்வம் கொண்ட மார்ட்டன் எஸ்மார்க் 1828-ல் அங்கே கனமான கறுப்புக் கல் ஒன்றைக் கண்டெடுத்தார். கனிமவியல் பேராசிரியரான தன் தந்தைக்கு அதை அனுப்பினார். தந்தைக்கும் அடையாளம் தெரியவில்லை. கல் ஸ்டாக்ஹோமுக்குப் போனது. அன்றைய ஐரோப்பாவின் பெரும் வேதியியலாளர் பெர்சீலியஸ் அதற்குள் புதிய தனிமம் ஒன்று இருப்பதைக் கண்டு, ஸ்காண்டிநேவியப் புராணங்களின் இடி தேவன் தோரின் பெயரை அதற்குச் சூட்டினார். இந்தப் பெயரை அவர் ஏற்கெனவே ஒரு தடவை பயன்படுத்தியிருந்தார். 1815-ல் வேறொரு கனிமத்தில் புதிய தனிமத்தைக் கண்டதாக நினைத்து 'தோரியம்' என்று பெயரிட்டார். பிறகு அது இட்ரியம் பாஸ்பேட் என்று தெரிந்து அறிவிப்பைத் திரும்பப் பெற்றார். கையில் சும்மா இருந்த அந்தப் பெயர் இந்தக் கல்லுக்கு வாய்த்தது.

அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் தோரியத்தால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. ஆய்வகக் குப்பிகளில் தூங்கிக்கொண்டிருந்தது.

அதை எழுப்பியவர் வியன்னாவில் பிறந்த கார்ல் அவுர் ஃபான் வெல்ஸ்பாக். ஹைடல்பர்கில் புன்சனிடம் படித்தவர். லாந்தனம் போன்ற அருமண் தனிமங்களின் உப்புகள் தரும் நிறமாலையைப் பார்ப்பதற்காக, பஞ்சு நூலை உப்புக் கரைசலில் நனைத்து, புன்சன் அடுப்பின் தீயில் காட்டினார். நூல் எரிந்துபோனது. ஆனால் அதன் வடிவில் மிஞ்சிய ஆக்சைடு பிரகாசமாக ஒளிர்ந்தது. நிறமாலையைத் தேடப் போனவர் விளக்கைக் கண்டுகொண்டார். 1885-ல் காப்புரிமையும் பெற்றார்.

அந்த முதல் மேண்டில் தேறவில்லை. மக்னீசியமும் லாந்தனமும் சேர்ந்த அந்தக் கூடு பச்சையடித்த மங்கல் ஒளி தந்தது; சீக்கிரமே உடைந்தும் போனது. வியன்னாவுக்குப் பக்கத்தில் தொடங்கிய தொழிற்சாலையை 1889-ல் மூட வேண்டியதாயிற்று. வெல்ஸ்பாக் விடவில்லை; தோரியத்துக்குத் திரும்பினார். இங்கே ஒரு விசித்திரம் நடந்தது. தோரியத்தைச் சுத்தம் செய்யச் செய்ய வெளிச்சம் கூட வேண்டும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். நடந்தது நேர்மாறு. சுத்தமாக ஆக ஆக ஒளி குறைந்துகொண்டே வந்தது. அழுக்கு என்று அவர் கழுவிக் களைந்த பொருளில்தான் விஷயம் இருந்தது. அது சீரியம். 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு: இதுதான் கடைசியில் நிலைபெற்ற கணக்கு. தோரியம் வெப்பக் கதிர்களை அதிகம் வெளிவிடாததால் கூடு நன்றாகச் சூடேறி நிற்கிறது. அந்தச் சூட்டை எடுத்துக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வீசுவது சீரியத்தின் வேலை. சீரியம் கொஞ்சம் கூடினாலும் கூட்டின் சூடு தணிந்து ஒளி மங்கிவிடும். இந்த விகிதம் பிறகு ஐந்து கண்டங்களுக்குப் போனபோதும் ஏறக்குறைய மாறவே இல்லை.

1891 நவம்பர் 4 அன்று வியன்னாவின் ஓபரா காபிக் கடை வாசலில் புதிய மேண்டில் விளக்குகள் எரிந்தன. நேரம் பார்த்து வந்த கண்டுபிடிப்பு அது. எடிசனின் மின்விளக்கு 1879-ல் வந்ததிலிருந்து எரிவாயு நிறுவனங்கள் கலங்கிப்போயிருந்தன. தெருவெல்லாம் குழாய் பதித்துப் பெரும் முதல் போட்டவர்கள் அவர்கள். வெறும் வாயுத் தீயைவிடப் பல மடங்கு வெளிச்சம், அதுவும் குறைந்த செலவில் கிடைக்கும் என்றதும் வெல்ஸ்பாக்கின் மேண்டிலைப் பற்றிக்கொண்டார்கள். லண்டன், பெர்லின், நியூயார்க் என்று மேண்டில்கள் லட்சக்கணக்கில் விற்றன. பருத்திக்குப் பதில் ராமி நார், பிறகு செயற்கைப் பட்டு என்று பின்னல் நூலும் மாறியது.

பணம் புரளும் இடத்தில் நகல் எடுப்பவர்களும் வந்துவிடுவார்கள். கலவையைச் சற்றே மாற்றி, பின்னலைச் சற்றே மாற்றி, தங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு என்று விற்றவர்கள் பலர். லண்டனில் வெல்ஸ்பாக்கின் காப்புரிமையை வைத்திருந்த நிறுவனம் டி மாரே என்ற போட்டி நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு 1896-ல் விசாரணைக்கு வந்தது. அந்தத் தீர்ப்பைக் காப்புரிமைச் சட்டம் படிப்பவர்கள் வெகுகாலம் படித்தார்கள்.

சட்டத்தைவிடப் பெரிய சிக்கல், தோரியத்துக்கு எங்கே போவது என்பது. நார்வேயின் கறுப்புக் கற்கள் போதவில்லை. அமெரிக்காவின் கரோலினா ஆற்றுப் படுகைகளில் மோனசைட் என்ற மஞ்சள் மணல் கிடைத்தது. அதில் கொஞ்சம் தோரியம் இருந்தது. அதற்கும் போட்டி பிரேசிலிலிருந்து வந்தது. ஜான் கார்டன் என்ற வணிகர் பஹியா கடற்கரையில் மோனசைட் குவிந்துகிடப்பதைக் கண்டார். வெறுமனே திரும்பும் கப்பல்கள் ஆடாமலிருக்க அடித்தளத்தில் பாரம் ஏற்றுவது வழக்கம். அந்தப் பாரமாகவே இந்த மணலை ஏற்றி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அள்ள அள்ளக் கிடைக்கும் கடற்கரை மணலோடு கரோலினாவின் ஆற்று மணல் போட்டிபோட முடியவில்லை.

இதே காலத்தில் ஆய்வகங்கள் தோரியத்தின் இன்னொரு முகத்தைப் பார்த்தன. 1898-ல் ஜெர்மனியில் ஷ்மிட்டும் பாரிஸில் மேரி கியூரியும் தனித்தனியே தோரியத்தில் கதிரியக்கம் இருப்பதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஓவன்ஸ் தோரியம் ஆக்சைடின் கதிர்வீச்சை அளந்தபோது, அளவு ஏறியும் இறங்கியும் வந்தது. கதவு திறந்து காற்று வீசினால் அளவு குறைந்தது. கருவி கோளாறு என்று ஒதுக்கியிருக்கலாம். அவரோடு வேலை பார்த்த ரூதர்ஃபோர்டு அப்படி ஒதுக்கவில்லை. தோரியத்திலிருந்து கதிரியக்க வாயு ஒன்று கசிகிறது, காற்று அதை அடித்துக்கொண்டு போகிறது என்று கண்டார். பிறகு வேதியியலாளர் சோடியும் அவரும் சேர்ந்து, ஒரு தனிமம் தானாகவே இன்னொரு தனிமமாக மாறுகிறது என்று நிறுவினார்கள். அணு பிளவுபடாதது, மாறாதது என்ற நம்பிக்கை தகர்ந்ததற்குக் கடை அலமாரியில் மேண்டிலாகத் தொங்கிய அதே பொருள் காரணம். தோரியத்தில் பாதி சிதைய 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே ஏறத்தாழ அவ்வளவுதான். பூமி உருவானபோது இருந்த தோரியத்தில் பெரும்பகுதி இன்னும் மண்ணில் அப்படியே கிடக்கிறது.

மோனசைட்டிலிருந்து தோரியத்தை எடுத்தபின் சீரியமும் மற்ற அருமண்களும் மலைபோல் மிஞ்சின. வெல்ஸ்பாக் அதையும் விடவில்லை. அந்தக் கழிவை இரும்போடு உருக்கிச் சேர்த்தார். உரசினால் பொறி பறக்கும் உலோகக் கலவை ஒன்று கிடைத்தது. 1903-ல் அதற்கும் காப்புரிமை வாங்கினார். சிகரெட் லைட்டரில் இன்றும் போடும் 'லைட்டர் கல்' அதுதான்.

1909-ல் நம் கரைக்கு வருகிறது கதை. திருவிதாங்கூரிலிருந்து தேங்காய் நாரும் கயிறும் ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தன. நாரில் கடற்கரை மணல் ஒட்டியிருப்பது இயல்பு. வாங்குகிறவர் உதறிவிட்டு மறந்துவிடுவார். ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அந்த மணலை உற்றுப் பார்த்தார். அதற்குள் மோனசைட் இருந்தது. பிரேசில் மணலைவிட இதில் தோரியம் கூடுதல். நம் கரை மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு 8 அல்லது 9 சதவீதம் இருக்கும். நார் வந்த வழியே தேடிக்கொண்டு வந்தவர், 1910 வாக்கில் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலையை நிறுவினார். பிறகு கொல்லத்துக்கு வடக்கே சவராவிலும் ஒன்று வந்தது.

அந்த மணலைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்த சமயத்தில் அந்தக் கரைகளில் கறுப்புக் கறுப்பாகப் பட்டைகள் ஓடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகள் காலங்காலமாக மழையில் கரைந்து, வள்ளியாறு போன்ற ஆறுகள் வழியாகக் கடலுக்கு வந்தவை அவை. சலித்துத் தருவது கடலின் வேலை. ஆடி மாத அலை கரையில் மோதித் திரும்பும்போது இலேசான வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போகும். கனத்த மணல் தங்கிவிடும். கையில் அள்ளினால் சாதாரண மணலைவிடக் கனம் தெரியும். கறுப்பாக மின்னுவது இல்மனைட். செந்நிறம் கார்னெட். நிறமற்றுப் பளபளப்பது சிர்கான். இவற்றுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேன் நிறத்தில் தெரியும் குருணைதான் மோனசைட். ஆலையில் முதலில் தண்ணீர் விட்டு ஆட்டும் மேசைகளில் கனத்ததைப் பிரிப்பார்கள். அப்புறம் காந்தம். காந்தத்துக்கு இல்மனைட் முதலில் வரும். மோனசைட்டின் காந்த ஈர்ப்பு மெல்லியது; அதை அசைக்க இன்னும் வலுவான காந்தம் வேண்டும். அந்த வேறுபாடுதான் பிரிக்கும் வழி.

முதல் உலகப் போர் வந்ததும் ஷோம்பெர்க்கை ஜெர்மன் உளவாளி என்று பிரிட்டிஷார் கைது செய்தார்கள். ஆலைகள் லண்டன் நிறுவனத்தின் கைக்குப் போயின. சில ஆண்டுகளில் வியாபாரத்தின் முகமே மாறிப்போனது. மோனசைட் எடுக்கும்போது ஒதுக்கிப் போட்ட இல்மனைட்டிலிருந்து டைட்டானியம் எடுத்து வெள்ளைப் பெயிண்ட் செய்யலாம் என்று வந்ததும், 1922 முதல் அதற்குத்தான் கிராக்கி. ஒதுக்கியது முதலாளியானது, தோரியம் துணைப் பொருளானது. ஏனென்றால் நகரங்கள் மின்விளக்குக்கு மாறிக்கொண்டிருந்தன.

மின்கம்பி போகாத ஊர்கள் உலகில் ஏராளம். அவற்றை மனதில் வைத்துச் செய்தவர் பெர்லினின் மாக்ஸ் கிரேட்ஸ். 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் உருவாக்கிய விளக்குக்கு வாயுக் குழாய் வேண்டாம். பித்தளைத் தொட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றி, பம்ப் அடித்து அழுத்தம் ஏற்றி, ஸ்பிரிட் விட்டுக் குழாயைச் சூடாக்கினால், எண்ணெய் ஆவியாகிச் சிறு துளை வழியே சீறி வந்து மேண்டிலுக்குள் எரியும். தன் பெயரையும் சேர்த்து அதற்குப் பெட்ரோமாக்ஸ் என்று பெயர் வைத்தார். அமெரிக்காவில் கோல்மன், பிரிட்டனில் டில்லி, சுவீடனில் ஆப்டிமஸ் என்று அதே வகை விளக்குகள் ஆளுக்கொரு பெயரில் வந்தன. நமக்கோ எந்தக் கம்பெனி விளக்கும் பெட்ரோமாக்ஸ்தான். கல்யாண ஊர்வலத்தில் தலையில் சுமந்துபோனதும், விடிய விடியக் கூத்தில் கட்டியக்காரன் முகத்தில் அடித்ததும், அறுவடைக் களத்தில் சீறிக்கொண்டே எரிந்ததும் அதே வெள்ளை வெளிச்சம். அணைந்துபோகுமுன் பம்ப் அடிக்கவும், அடைத்த துளையைப் பின் போட்டு எடுக்கவும் தெரிந்த ஆளுக்கு ஊரில் தனி மரியாதை இருந்தது.

ஐரோப்பாவில் தோரியம் விளக்கை விட்டு மனித உடம்புக்குள் புகுந்தது, இந்தப் பயணத்தின் இருண்ட பக்கம். 1930-களில் 'தோரோட்ராஸ்ட்' என்ற மருந்து வந்தது. எக்ஸ்ரே படத்தில் இரத்தக் குழாய்கள் தெளிவாகத் தெரிவதற்காக, தோரியம் ஆக்சைடு கலந்த திரவத்தை இரத்தத்தில் ஏற்றினார்கள். படம் அருமையாக வந்தது. ஆனால் உள்ளே போன தோரியம் வெளியே வரவில்லை. கல்லீரலில் தங்கி, இருபது முப்பது ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக எழுந்தது. 1950-கள் வரை பல நாடுகளில் நோயாளிகளுக்குச் செலுத்தப்பட்ட பிறகே அது நின்றது.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் இன்னொரு சம்பவம். ஜெர்மனி அணுகுண்டு செய்கிறதா என்று துப்பறிய அமெரிக்கா அனுப்பிய 'ஆல்சோஸ்' குழு, பாரிஸில் 'டெர் ரார்' என்ற அருமண் நிறுவனத்தின் கையிருப்புத் தோரியம் ஜெர்மனிக்குக் கடத்தப்பட்டதைக் கண்டு பதறியது. அணுகுண்டுக்காகத்தான் என்று சந்தேகம். எடுத்துப் போனது வெல்ஸ்பாக் தொடங்கி வைத்த அவுர் நிறுவனம். விசாரித்துப் பார்த்தால் காரணம் பற்பசை! தோரியம் கலந்த 'டோராமாட்' பற்பசையை அவர்கள் விற்றுவந்தார்கள். மேண்டில் வியாபாரம் படுத்துவிட்டதால், போர் முடிந்ததும் பற்பசையைப் பெரிதாக நடத்தத் திட்டமிட்டிருந்தார்கள்.

ஆனால் தோரியத்திலிருந்து அணு எரிபொருள் செய்ய முடியும் என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. தோரியம் ஒரு நியூட்ரானை விழுங்கினால் கடைசியில் யுரேனியம்-233 ஆகும். திருவிதாங்கூர் மணலின் மதிப்பு ஒரே நாளில் உயர்ந்தது. 1946-ல் திருவிதாங்கூர் மோனசைட் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. சுதந்திர இந்தியாவும் அதைத் தொடர்ந்தது. 1950-ல் இந்திய அருமண் நிறுவனம் தொடங்கி, 1952-ல் ஆலுவாயில் ஆலை திறந்தது. அதற்குத் தொழில்நுட்பம் தந்தது, ஜெர்மானியர் தோரியத்தைத் தூக்கிப்போன அதே பாரிஸ் நிறுவனம்.

1951-ல் நாட்டில் கடும் உணவுப் பஞ்சம். அமெரிக்காவிடம் 20 லட்சம் டன் தானியம் கேட்டோம். தருகிறோம், மோனசைட் தடையை நீக்குங்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் குரல் எழுந்தது. நேரு இணங்கவில்லை. கடைசியில் 19 கோடி டாலர் கடனாகக் கோதுமை வந்தது, தடை நீங்கவில்லை. 1953-ல் மறுபடி தகராறு. மேண்டில் தொழிலுக்கு என்று இந்தியா சுமார் ஒரு டன் தோரியம் நைட்ரேட்டைப் போலந்துக் கப்பலில் சீனாவுக்கு அனுப்பியது. கம்யூனிஸ்ட் நாடுகளுக்கு அணுப் பொருள் விற்றால் உதவியை நிறுத்த வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். டெல்லிக்கும் வாஷிங்டனுக்கும் நடுவே கடிதங்கள் பறந்து, பெரும்பாட்டுக்குப் பின் சமரசமானது. விளக்கு வலைக்கான ஒரு டன் உப்பு இரண்டு அரசுகளை முட்டிக்கொள்ள வைத்தது.

1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி தமிழகத்தோடு இணைந்தது. மணவாளக்குறிச்சி ஆலையும் சேர்ந்தே வந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே அணு விஞ்ஞானி ஹோமி பாபா இந்தியாவுக்கான தன் மூன்று கட்ட அணுமின் திட்டத்தை வகுத்திருந்தார். முதலில் யுரேனிய உலைகள், அடுத்து வேக ஈனுலைகள், மூன்றாவதாகத் தோரிய உலைகள். நம்மிடம் யுரேனியம் குறைவு, தோரியம் மிகுதி; ஆகவே திட்டம் நியாயமானது. ஆனால் எழுபது ஆண்டுகளாகியும் மூன்றாம் கட்டம் தொடங்கவில்லை. தோரியம் தானாக எரியாது, வேறு எரிபொருள் மூட்டிவிட வேண்டும் என்பதுதான் அடிப்படைச் சிக்கல். 1996-ல் இயங்கத் தொடங்கிய கல்பாக்கத்தின் 'காமினி' உலை தோரியத்திலிருந்து பிறந்த யுரேனியம்-233-ஐக் கொண்டே ஓடுகிறது. அதன் ஆற்றல் 30 கிலோவாட் வெப்பம்தான். மின்சாரம் எடுக்க அல்ல, ராக்கெட்டில் வைக்கும் வெடியுறுப்புகளை நியூட்ரான் படம் எடுத்துச் சோதிக்கவும் ஆய்வுகளுக்கும் அது உதவுகிறது.

இதற்கிடையே அன்றாட வாழ்விலிருந்து தோரியம் மெல்ல விடைபெறுகிறது. கோல்மன் நிறுவனம் 1990-களில் மேண்டிலில் இட்ரியத்துக்கு மாறிவிட்டது. பழைய கேமரா லென்ஸ் சிலவற்றில் கண்ணாடியின் தரத்துக்காகச் சேர்த்த தோரியம், இப்போது மஞ்சள் பாரித்த கண்ணாடியாகச் சேகரிப்பாளர்களிடம் இருக்கிறது. ஆர்கான் வெல்டிங் பட்டறைகளில் சிவப்பு முனை கொண்ட டங்ஸ்டன் ராடில் 2 சதவீதம் தோரியம் ஆக்சைடு உண்டு. அதைத் தீட்டும்போது பறக்கும் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. மேண்டில் சாம்பலுக்கும் இதே எச்சரிக்கைதான்.

மோனசைட்டை இன்று உலகம் தேடுவது வேறொன்றுக்காக. மின்சாரக் கார் மோட்டாரிலும் ஹெட்போனிலும் உள்ள வலுவான காந்தத்துக்கு நியோடைமியம் வேண்டும். அதை 1885-ல் பிரித்தெடுத்தவரும் வெல்ஸ்பாக்தான். ஒரு காலத்தில் தோரியத்தை எடுத்துக்கொண்டு அருமண்ணை ஒதுக்கினார்கள். இப்போது அருமண்ணை எடுத்துக்கொண்டு தோரியத்தைச் சேமிப்புக் கிடங்கில் அடைக்கிறார்கள். இந்தியாவில் ஒரு கோடி டன்னுக்கு மேல் மோனசைட் இருப்பதாக அரசின் கணக்கு. அந்த மணலுக்காகக் கிள்ளியூர் வட்டாரக் கடற்கரைக் கிராமங்களில் புதிதாகத் தோண்டப்போவதாக வந்த செய்தி அங்குள்ள மீனவர்களைக் கலங்க வைத்திருக்கிறது. அந்தக் கரைகளில் இயற்கையான கதிர்வீச்சு மற்ற ஊர்களைவிட அதிகம். கேரளத்தின் கருநாகப்பள்ளியில் பல ஆண்டுகள் நடந்த ஆய்வு அதனால் புற்றுநோய் கூடியதாகக் காட்டவில்லை. ஆனால் கருநாகப்பள்ளியின் முடிவைச் சொல்லிக் கன்னியாகுமரிக்காரரின் பயத்தைத் தள்ளிவிட முடியாது. தோண்டுமுன்னும் தோண்டியபின்னும் ஒவ்வொரு ஊரிலும் கதிர்வீச்சை அளந்து, அந்த எண்களைத் தமிழில் ஊர் மக்கள் முன் வையுங்கள். அவர்கள் சம்மதம் கேட்டபின் மண்வெட்டியை எடுங்கள்.